அனுமதி மறுக்கப்படுகிறதா? மறுப்பது யார் என்று முதலில் பாருங்கள்

கோப்பு திறக்கவில்லை என்றதும் லினக்ஸ்காரர் கை எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-க்குப் போகிறது, விண்டோஸ்காரர் கை ‘எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்’ பக்கம் போகிறது. பாதி நேரம் அது பலிக்காது. பலித்துவிட்டால் இன்னும் மோசம். எது தடுத்தது என்று தெரியாமலே எல்லோருக்கும் திறந்துவிட்டாயிற்று, அடுத்த முறை இதே சிக்கல் வரும்போதும் காரணம் தெரியாது.

ஒரு கோப்பைத் திறக்கும் கோரிக்கை பல அடுக்குகளைக் கடந்துதான் போகிறது. கோப்பின் சொந்த அனுமதி, அதற்கு மேலே இருக்கும் ஃபோல்டர்களின் அனுமதி, டிஸ்க் மவுண்ட் ஆன (கணினியோடு இணைக்கப்பட்ட) விதம், நெட்வொர்க் பகிர்வின் விதி, எஸ்இலினக்ஸ் போன்ற தனிக் காவல், மேக்கில் தனியுரிமைப் பட்டியல். இவற்றில் ஏதாவது ஒன்று ‘முடியாது’ என்றாலே முடியாதுதான், மற்றவை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் சரி. ஆகவே எந்த அனுமதியைக் கூட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த அடுக்கு மறுத்தது, உங்களை யாரென்று எண்ணி மறுத்தது என்ற இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலாவதற்குப் பிழைச் செய்தியின் சொற்களே பாதி விடை தரும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் பெரும்பாலும் படிக்க (ஆர், எண் 4), எழுத (டபிள்யூ, 2), இயக்க (எக்ஸ், 1) என்ற வழக்கமான அனுமதிக் கணக்கில் தோற்றிருக்கிறீர்கள். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வேறு வகை. அடுத்தவர் கோப்பின் அனுமதியை மாற்றப் போனது, கோப்பு பூட்டப்பட்டிருப்பது, மேக்கின் தனியுரிமைக் காவல் எல்லாம் இதில் வரும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் அனுமதியைத் தொடவே வேண்டாம், மவுண்டைப் பாருங்கள். விண்டோஸில் ‘ஆக்சஸ் இஸ் டினைட்’ என்பது பிழை எண் 5. வேறொரு புரோகிராம் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது பிழை எண் 32. இந்த 32-ஐ அனுமதிச் சிக்கல் என்று நினைத்து உரிமையாளரையே மாற்றுகிறவர்கள் உண்டு. புரோகிராமை மூடினாலே போதும்.

இரண்டாவதற்கு, லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஐடி’ கட்டளை, விண்டோஸில் ‘ஹூஅம்ஐ /ஆல்’. மறுக்கப்படுவது நீங்கள் அல்ல, பின்னணியில் தானாக ஓடும் ஒரு சர்வீஸ் என்றால், அது எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பார்த்து அந்தப் பெயரிலேயே சோதியுங்கள். லினக்ஸில் வேறொருவர் பெயரில் கட்டளையை ஓட்டும் ‘சூடோ -யூ’ போட்டு அந்தப் பயனராகக் கோப்பைப் படித்துப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

அறிகுறி: கோப்புக்கு 644 இருக்கிறது, ஆனாலும் படிக்க முடியவில்லை

644 என்றால் உரிமையாளருக்குப் படிக்க-எழுத (4+2), குழுவுக்கும் மற்றவர்களுக்கும் படிக்க மட்டும் (4). கோப்பை விட்டுவிட்டு மேலே பாருங்கள். யூனிக்ஸ் வகை கணினிகளில் ஒரு கோப்பை அடைய, பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் அனுமதி வேண்டும். ஃபோல்டருக்கு எக்ஸ் என்றால் ‘இயக்கு’ என்று பொருளில்லை, ‘உள்ளே கடந்து போகலாம்’ என்று பொருள். தெருக்கதவு பூட்டியிருந்தால் அறைச் சாவி கையில் இருந்து என்ன பயன்? லினக்ஸில் ‘நேம்ஐ -எல்’ கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால், மூல ஃபோல்டர் (/) தொடங்கி ஒவ்வொரு படியின் அனுமதியையும் உரிமையாளரையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் எக்ஸ் இல்லையோ அங்கேதான் சிக்கல். எனக்குத் தெரிந்து இந்தக் கட்டளை அளவுக்கு உபயோகமான, ஆனால் யாரும் எடுக்காத கருவி வேறு இல்லை.

வெப் சர்வர் பயனரின் ஹோம் ஃபோல்டரிலிருந்து பக்கங்களைக் காட்டும் அமைப்புகளில் இது அடிக்கடி வரும். உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து புதிய ஹோம் ஃபோல்டர்கள் 755-க்குப் பதிலாக 750 என்று உருவாகின்றன. பழைய கணினியில் ஓடிய அதே அமைப்பு புதியதில் மறுக்கப்படுவதற்குக் காரணம் பல சமயம் இதுதான். தீர்வு ஹோமை 777 ஆக்குவது அல்ல. தளத்தை ஹோமுக்கு வெளியே வைப்பது நல்லது. முடியாவிட்டால் ‘செட்எஃப்ஏசிஎல்’ மூலம் வெப் சர்வர் பயனருக்கு மட்டும் ஹோமில் எக்ஸ் கொடுங்கள், ஆர் வேண்டாம். கடந்து போகலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது.

விண்டோஸில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். அங்கே எல்லாப் பயனர்களுக்கும் ‘பைபாஸ் டிராவர்ஸ் செக்கிங்’ என்ற சலுகை இயல்பாகவே இருக்கிறது. மேல் ஃபோல்டர்களில் எந்த அனுமதியும் இல்லாவிட்டாலும், முழுப் பாதை தெரிந்தால் உள்ளே ஆழத்தில் உள்ள கோப்பைத் திறக்கலாம், கோப்பில் அனுமதி இருந்தால் போதும். இதன் மறுபக்கம், மேல் ஃபோல்டரை அடைத்துவிட்டோம், உள்ளே எல்லாம் பத்திரம் என்று விண்டோஸில் நம்பக்கூடாது.

பாதை சுத்தமாக இருந்தால் அடுத்து வகுப்பைப் பாருங்கள். லினக்ஸ் உங்களுக்குப் பொருந்தும் எல்லா அனுமதிகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளரா? ஆம் என்றால் முதல் எண் மட்டும்தான். இல்லை, குழுவில் இருக்கிறீர்களா? அப்படியானால் இரண்டாவது எண் மட்டும். இரண்டும் இல்லையென்றால்தான் மூன்றாவது. ஆகவே 604 என்று இருக்கும் கோப்பை ஊரே படிக்கும், அந்தக் குழுவில் இருப்பவர் மட்டும் படிக்க முடியாது. இது பிழை அல்ல, வடிவமைப்பு. சிலர் வேண்டுமென்றே ஒரு குழுவை விலக்கி வைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

குழுவில் இப்போதுதான் சேர்த்தீர்களா? வெளியே போய் மறுபடி லாகின் செய்யுங்கள். குழு உறுப்பினர் விவரம் லாகின் நேரத்தில் எடுக்கப்பட்டு அந்த செஷன் முழுக்க அப்படியே இருக்கும். ‘ஐடி’ என்று மட்டும் அடித்தால் இப்போதைய செஷனின் குழுக்கள் வரும். ‘ஐடி’க்குப் பின் பயனர் பெயரையும் சேர்த்து அடித்தால் கணக்குப் பதிவில் உள்ளவை வரும். இரண்டும் வேறுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. டெர்மினல் செஷனை மூடாமல் காத்து வைக்கும் டிமக்ஸ் போன்றவற்றைத் திறந்தே வைத்திருப்பவர்கள் லாகின் செய்த பிறகும் பழைய செஷனுக்குள்ளேயே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டு ‘இன்னும் சரியாகவில்லை’ என்பார்கள். விண்டோஸிலும் இதே கதைதான், சைன் அவுட் செய்தால்தான் புதிய குழு டோக்கனில் (செஷனின் அடையாள அட்டையில்) ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் என்றால் அதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடைசியாக, ‘எல்எஸ் -எல்’ வெளியீட்டில் அனுமதிகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் பார்க்கும் மூன்று எண்கள் முழுக் கதை அல்ல, பின்னால் ஏசிஎல், அதாவது பெயர்வாரியான அனுமதிப் பட்டியல் இருக்கிறது. ‘கெட்எஃப்ஏசிஎல்’ ஓட்டினால் ‘மாஸ்க்’ என்றொரு வரி வரும். தனியாகப் பெயர் குறித்துக் கொடுத்த அனுமதிகளுக்கும் குழு அனுமதிகளுக்கும் அதுதான் உச்சவரம்பு. ஏசிஎல் உள்ள கோப்பில் யாராவது ‘சிஎச்மோட்’ ஓட்டிக் குழு எண்ணைக் குறைத்தால், உண்மையில் குறைவது இந்த மாஸ்க். ஒருவருக்குப் படிக்க-எழுத என்று கொடுத்திருந்தும் அவரால் எழுத முடியவில்லை என்றால், அவர் வரிக்குப் பக்கத்தில் ‘எஃபெக்டிவ்’ என்று குறைக்கப்பட்ட அனுமதி தெரிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: அந்தப் பயனராகக் கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, சர்வீஸாக ஓடினால் மறுக்கிறது

இங்கே எண்கள் குற்றவாளி அல்ல. ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸைச் சந்தேகியுங்கள். உபுண்டு, மற்றும் 2019-இல் வந்த டெபியன் 10 முதல் டெபியனிலும் அதே வகைக் காவலான ஆப்ஆர்மரைச் சந்தேகியுங்கள்.

எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு, ‘எல்எஸ் -இசட்’ காட்டும். வெப் சர்வருக்கு அந்த வகை லேபிளைத் தொட உரிமை இல்லையென்றால் 777 இருந்தாலும் கதவு திறக்காது. இது வழக்கமாக எப்படி வருகிறது தெரியுமா? ஹோமில் கோப்பை உருவாக்கி, ‘எம்வி’ மூலம் வெப் ஃபோல்டருக்கு நகர்த்துகிறார்கள். நகர்த்தினால் பழைய லேபிள் கூடவே வந்துவிடும். ‘சிபி’ மூலம் நகல் எடுத்திருந்தால் போய்ச் சேரும் ஃபோல்டருக்கு ஏற்ற லேபிள் கிடைத்திருக்கும். ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்டினால் லேபிள்கள் அந்த இடத்துக்கு உரியவையாக மாறும். வழக்கமில்லாத இடத்தில் தளத்தை வைத்திருந்தால், முதலில் ‘செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ மூலம் அந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்று பதிந்துவிட்டு, அப்புறம் ரெஸ்டோர்கான்.

சந்தேகத்தை உறுதி செய்ய ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போட்டு ஒரே ஒரு முறை சோதிக்கலாம். வேலை செய்தால் காரணம் இதுதான். உடனே மறுபடி 1 ஆக்கிவிட்டு லேபிளைச் சரிசெய்யுங்கள். அதை நிரந்தரமாக அணைத்து வைக்கும் அறிவுரைகள் எங்கும் கிடைக்கும், எனக்கு அதில் உடன்பாடில்லை. லேபிள் சிக்கல்களில் பெரும்பகுதி இரண்டு கட்டளையில் தீர்ந்துவிடும், அதற்காக ஒரு காவலையே நீக்க வேண்டியதில்லை. ஆப்ஆர்மர் என்றால் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) பதிவில் ‘டினைட்’ என்ற சொல்லோடு கோப்பின் பாதையும் புரொஃபைல் பெயரும் வந்திருக்கும், அந்தப் புரொஃபைலில் பாதையைச் சேர்க்க வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் யூனிட் (அமைப்பு) கோப்பைத் திறந்து ‘புரொடெக்ட்ஹோம்’, ‘புரொடெக்ட்சிஸ்டம்’, ‘பிரைவேட்டெம்ப்’ என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது இயக்கப்பட்டிருந்தால் அந்த சர்வீஸின் கண்ணுக்கு ஹோம் ஃபோல்டரே காலியாகத் தெரியும். மூன்றாவது இருந்தால் அதற்கென்று தனி டெம்ப் ஃபோல்டர், நீங்கள் பொது டெம்பில் வைத்த கோப்பு அதற்குக் கிடைக்கவே கிடைக்காது.

அறிகுறி: ரூட்டாக இருந்தும் முடியாது என்கிறது

லினக்ஸின் தலைமைக் கணக்கான ரூட் எல்லாம் வல்லவர் என்பது பாதிதான் உண்மை. சில வழக்கமான காரணங்களைச் சொல்கிறேன்.

சூடோ போட்டு (ரூட்டாக) ‘எக்கோ’ செய்து, அம்புக்குறி (>) வழியாகக் கோப்பில் எழுதினால் மறுக்கப்படும். கோப்பைத் திறப்பது எக்கோ அல்ல, உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். அது இன்னும் சாதாரணப் பயனராகத்தான் இருக்கிறது. வெளியீட்டை ‘சூடோ டீ’க்குக் குழாய் வழியே அனுப்புங்கள். கோப்பில் மாற்றத்தடைக் கொடி இருக்கலாம், ‘எல்எஸ்ஏடிடிஆர்’ வெளியீட்டில் ஐ என்ற எழுத்து தெரிந்தால் ‘சிஎச்ஏடிடிஆர் -ஐ’ போட்டு எடுங்கள். யாரோ ஒரு காரணத்தோடு வைத்திருப்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என்எஃப்எஸ் (யூனிக்ஸ் வகை நெட்வொர்க் பகிர்வு) என்றால் ரூட் அங்கே ரூட்டே அல்ல, கீழே வருகிறேன். சாதாரணப் பயனரே ஒரு புரோகிராம் வழியாகச் செய்யும் ஃபியூஸ் வகை மவுண்ட் என்றால் மவுண்ட் செய்த பயனரைத் தவிர ரூட் உட்பட யாருக்கும் இயல்பாக அனுமதி கிடையாது.

கடைசியாக ஒரு வேடிக்கையான காரணம். பொது டெம்ப் ஃபோல்டரில் இன்னொருவர் உருவாக்கிய கோப்பில் ரூட் அம்புக்குறி வழியாக எழுதினால் புதிய லினக்ஸ்களில் ‘பெர்மிஷன் டினைட்’ வரும். கர்னல் 4.19-இல் சேர்ந்த ஒரு பாதுகாப்பு அது. ஏமாற்றுக் கோப்பை வைத்து ரூட்டை அதில் எழுத வைக்கும் தந்திரத்தைத் தடுக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் திடீரென்று இப்படி உடைந்தால், தவறு ஸ்கிரிப்ட்டில்தான். கோப்பை வேறிடத்தில் வையுங்கள்.

அறிகுறி: விண்டோஸில் நான் அட்மின், ஆனாலும் ‘ஆக்சஸ் இஸ் டினைட்’

அட்மின் கணக்கில் லாகின் செய்தாலும், யூஏசி (அட்மின் உரிமையைக் கேட்டால் மட்டும் தரும் விண்டோஸ் காவல்) காரணமாக உங்கள் புரோகிராம்கள் சாதாரணமாக ஓடுவது வெட்டிக் குறைத்த டோக்கனோடுதான். அந்த டோக்கனில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு மறுப்புக்கு மட்டும் கணக்கில் வரும், அனுமதிக்கு வராது. ஆகவே அந்தக் குழுவுக்கு மட்டும் ஃபுல் கண்ட்ரோல் உள்ள ஃபோல்டர் உங்களுக்குத் திறக்காது. கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் திறந்து அதே கோப்பை எடுத்துப் பாருங்கள். திறந்தால் அனுமதியில் கோளாறே இல்லை.

எக்ஸ்புளோரர் இந்த நேரத்தில் ‘கன்டினியூ’ என்றொரு பொத்தானைக் காட்டும். அதை அழுத்துவது ஒரு தடவைக்கான சலுகை போலத் தோன்றும். உண்மையில் அது அந்த ஃபோல்டரில் உங்கள் பெயருக்கு ஓர் அனுமதி வரியை நிரந்தரமாக எழுதிவிடுகிறது. பலர் வேலை செய்யும் சர்வரில் சில வருடங்கள் போனால், பணியை விட்டுப் போனவர்கள் பெயரெல்லாம் அனுமதிப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பது இப்படித்தான். அடிக்கடி போக வேண்டிய ஃபோல்டர் என்றால் அதற்கென்று தனிக் குழு உருவாக்கி அனுமதி கொடுத்து, உங்களை அதில் சேர்த்துக்கொள்வது மேல்.

உயர்த்திய உரிமையிலும் மறுத்தால், கோப்பின் ‘செக்யூரிட்டி’ தாவலில் ‘அட்வான்ஸ்ட்’ போய், ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ பகுதியில் பயனர் பெயரைக் கொடுங்கள். கணக்கை அதுவே போட்டுக் காட்டும். கையால் புரிந்துகொள்ள விரும்பினால் வரிசை இது: நேரடியாக எழுதப்பட்ட மறுப்பு, நேரடியாக எழுதப்பட்ட அனுமதி, மேலிருந்து வந்த மறுப்பு, மேலிருந்து வந்த அனுமதி. ‘மறுப்புதான் எப்போதும் வெல்லும்’ என்று பலர் சொல்வது முழுதாகச் சரியல்ல. கோப்பில் நேரடியாகக் கொடுத்த அனுமதி, மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்த மறுப்பை வென்றுவிடும். மறுப்பு வரிகளைப் போடாமலே காலம் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். அனுமதி கொடுக்காமல் இருப்பதே மறுப்புதான்.

உரிமையாளர் வேறு யாரோ என்றால் ‘டேக்ஓன்’ கட்டளையால் உரிமையை எடுத்து, பிறகு ‘ஐசிஏசிஎல்எஸ்’ஸால் அனுமதி கொடுங்கள். விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ பெயரில் வைத்திருக்கும், அவற்றைப் பிடுங்க வேண்டாம். எல்லா அனுமதியும் சரியாக இருந்தும் கோப்பு திறக்கவில்லை, பூட்டுப் படம் தெரிகிறது என்றால் அது விண்டோஸின் கோப்புக் குறியாக்கமான இஎஃப்எஸ். உரிமையாளரை மாற்றினாலும் பயனில்லை, குறியாக்கம் செய்த கணக்கின் சான்றிதழ் வேண்டும்.

அறிகுறி: வேறு கணினியிலிருந்து கொண்டுவந்த டிஸ்க், யாருடையது என்றே தெரியவில்லை

பெயர்கள் டிஸ்க்கில் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. லினக்ஸில் முதல் பயனர் பெரும்பாலும் 1000, மேக்கில் 501. மேக்கில் எழுதிய டிஸ்க்கை லினக்ஸில் செருகினால் உரிமையாளர் 501 என்று வெறும் எண்ணாகத் தெரியும். இரண்டு லினக்ஸ் கணினிகளுக்கு இடையில் இன்னும் குழப்பம்: அங்கே 1001 ஒருவர், இங்கே 1001 வேறொருவர், சம்பந்தமில்லாத ஆளுக்கு உங்கள் கோப்புகள் சொந்தமாகிவிடும். ‘எல்எஸ் -எல்என்’ போட்டு எண்ணைப் பார்த்து, ‘சிஎச்ஓன்’ மூலம் உரிமையாளரை மாற்றுங்கள். டாக்கர் போன்ற கண்டெய்னர்களிலும் இதே கணக்குதான். கண்டெய்னருக்குள் ரூட் எழுதிய கோப்பு வெளியே ரூட்டுக்குச் சொந்தமாக வந்து நிற்பது இதனால்தான். உள்ளே ஓடும் பயனரின் எண்ணை வெளியே உள்ள எண்ணோடு பொருத்துங்கள்.

விண்டோஸில் ‘அக்கவுண்ட் அன்னோன்’ என்று எழுதி, எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட அடையாளம் தெரியும். அது பழைய கணினியின் கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் அடையாளம், அதாவது எஸ்-1-5-32-544, எல்லாக் கணினியிலும் ஒன்றே. அதனால் உயர்த்திய உரிமையில் பெரும்பாலும் உள்ளே போகலாம். மேக்கில் வெளி டிஸ்க் என்றால் ‘கெட் இன்ஃபோ’வின் அடியில் ‘இக்னோர் ஓனர்ஷிப்’ என்ற தேர்வு இருக்கிறது. தனி ஒருவர் பயன்படுத்தும் டிஸ்க்குக்கு அது போதும்.

அறிகுறி: சிஎச்மோட் பிழையில்லாமல் ஓடுகிறது, ஆனால் எதுவும் மாறவில்லை

ஃபைல் சிஸ்டத்தைப் பாருங்கள். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் யூனிக்ஸ் அனுமதியை எழுதி வைக்க இடமே கிடையாது. லினக்ஸ் காட்டும் எண்கள் மவுண்ட் செய்யும்போது கொடுத்த அமைப்பிலிருந்து கற்பிக்கப்பட்டவை. மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளர் எண், குழு எண், அனுமதி மறைப்பு இவற்றை மவுண்ட் தேர்வுகளில் கொடுத்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும். ‘ஃபைண்ட்எம்என்டி’ கட்டளை இப்போது என்ன தேர்வுகள் இருக்கின்றன என்று காட்டும். அதில் ‘நோஎக்ஸிக்’ தெரிந்தால் 755 கொடுத்த ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் உள்ள டிஸ்க் லினக்ஸில் எழுத முடியாமல் மவுண்ட் ஆனால், பெரும்பாலும் அனுமதி அல்ல காரணம். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ கணினியை முழுதாக அணைக்காமல் உறங்க வைத்திருக்கிறது. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை அணைத்துவிட்டு மூடுங்கள். அவசரத்துக்கு, விண்டோஸில் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து அப்படியே லினக்ஸுக்குள் வந்தாலும் சரி, ரீஸ்டார்ட்டில் முழுதாக மூடும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் விண்டோஸ் டிரைவின் கோப்புகள் எல்லாம் 777 என்று தெரியும். அங்கே வைத்த எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வசதி) தனிச்சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது, அனுமதி மிக அதிகம் என்று கத்தும். சாவியை லினக்ஸ் பக்க ஹோமுக்கு நகல் எடுத்து 600 கொடுப்பது எளிய வழி. டிரைவிலேயே அனுமதி வேண்டுமென்றால் டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பில் ஆட்டோமவுண்ட் தேர்வாக ‘மெட்டாடேட்டா’ சேர்த்து, டபிள்யூஎஸ்எல்லை முழுதாக ஷட்டவுன் செய்து மறுபடி திறக்க வேண்டும். கிட் (git) என்ற பதிப்புக் கருவியில் ஒரு வரிகூட மாற்றாத கோப்புகள் 100644-இலிருந்து 100755 ஆனதாகக் காட்டுவதும் இந்தக் குடும்பச் சிக்கல்தான். அந்த நகலில் ‘கோர்.ஃபைல்மோட்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

அறிகுறி: கோப்பில் எழுத அனுமதியே இல்லை, ஆனால் ஒருவர் அதை அழித்துவிட்டார்

யூனிக்ஸில் அழிப்பது என்பது ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவது. கோப்பின் அனுமதி அதில் வராது, ஃபோல்டரில் எழுதும் அனுமதி போதும். பொதுவான ஃபோல்டர் என்றால் 1777 போல முன்னால் ஒரு 1 சேர்த்து ஸ்டிக்கி பிட் வையுங்கள், அப்புறம் கோப்பின் உரிமையாளரும் ஃபோல்டரின் உரிமையாளரும் ரூட்டும்தான் அழிக்க முடியும். விண்டோஸில் கோப்பிலேயே ‘டிலீட்’ உரிமை உண்டு. ஆனால் மேல் ஃபோல்டரில் ‘டிலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ இருந்தாலும் அழிக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பொது ஃபோல்டரில் ஒருவர் உருவாக்கியதை மற்றவர் திருத்த முடியவில்லை

ஒவ்வொரு வாரமும் யாராவது வந்து அனுமதியைச் சரிசெய்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், பழைய கோப்புகளைத் திருத்துகிறீர்களே தவிர புதியவை பிறக்கும் விதத்தைத் திருத்தவில்லை. லினக்ஸில் இரண்டு காரணம். புதுக் கோப்பு உருவாக்கியவரின் முதன்மைக் குழுவுக்குப் போகிறது, யூமாஸ்க் 022 குழுவின் எழுதும் உரிமையைக் கழித்துவிடுகிறது. ஃபோல்டருக்கு 2775 (முன்னால் உள்ள 2 குழுவைக் கடத்தும் குறி) கொடுத்தால் முதலாவது தீரும், உள்ளே பிறப்பவை ஃபோல்டரின் குழுவைப் பெறும். இரண்டாவதற்கு எல்லோர் யூமாஸ்க்கையும் 002 ஆக்கலாம், ஆனால் அது அவரவர் கையில் இருக்கிறது. அதைவிட, உள்ளே பிறப்பவற்றுக்குத் தானாகச் சேரும் ‘டிஃபால்ட் ஏசிஎல்’லை ஃபோல்டரில் வைத்துவிடுவது நம்பகமானது. டிஃபால்ட் ஏசிஎல் இருந்தால் யூமாஸ்க் கணக்கிலேயே வராது.

விண்டோஸில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. ஒரே டிரைவுக்குள் நகர்த்திய கோப்பு பழைய இடத்து அனுமதியைக் கூடவே கொண்டுவரும். நகல் எடுத்தால் புதிய இடத்து அனுமதியைப் பெறும். யாரோ தன் சொந்த ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட்ட கோப்புகள்தான் சிக்கல் செய்யும். அவற்றில் ‘ஐசிஏசிஎல்எஸ்’ கட்டளையை ‘/ரீசெட்’ தேர்வோடு ஓட்டினால் மேல் ஃபோல்டரின் அனுமதியை மறுபடி ஏற்கும்.

அறிகுறி: நேரில் திறக்கிறது, நெட்வொர்க் வழியாகத் திறக்கவில்லை

விண்டோஸ் பகிர்வில் இரண்டு பட்டியல் உண்டு, பகிர்வின் அனுமதி ஒன்று, என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பகிர்வில் ‘ரீட்’ மட்டும் இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸில் என்ன கொடுத்தாலும் எழுத முடியாது. பகிர்வைத் தாராளமாக வைத்து எல்லாக் கட்டுப்பாட்டையும் என்டிஎஃப்எஸ்ஸில் செய்வதே நிர்வகிக்க எளிது. அனுமதி சரியாக இருந்தும் மறுத்தால் ‘நெட் யூஸ்’ போட்டு ஏற்கனவே எந்தப் பெயரில் இணைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே சர்வருக்கு இரண்டு பெயர்களில் ஒரே நேரத்தில் இணைய விண்டோஸ் விடாது. பழைய பெயரில் போட்ட இணைப்பு பின்னால் உட்கார்ந்திருக்கும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் வகைப் பகிர்வு தரும் சாம்பாவில் பகிர்வு இயல்பாகவே படிக்க மட்டும்தான். எழுத வைத்த பிறகும், ‘கிரியேட் மாஸ்க்’ இயல்பாக 0744, அதில் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லை. 0664 ஆக்குங்கள், ஃபோல்டர்களுக்கு 2775. அதோடு, சாம்பா என்ன அனுமதித்தாலும் அடியில் லினக்ஸின் சொந்த அனுமதியும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

என்எஃப்எஸ்ஸில் வழக்கமான முறையில் கிளையண்ட் அனுப்பும் எண்ணை சர்வர் அப்படியே நம்புகிறது. எண்கள் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ரூட்டை மட்டும் நம்பாது, ‘ரூட் ஸ்குவாஷ்’ இயல்பாக இயங்கி ரூட்டை 65534 எண்ணுள்ள ‘நோபடி’ ஆக்கிவிடும். எல்லாக் கோப்புமே நோபடிக்குச் சொந்தம் என்று தெரிந்தால், என்எஃப்எஸ் 4-இல் இரு பக்கத்து டொமைன் பெயரும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று பிடிபடாமல் பலரை அலைக்கழிப்பது: இந்த முறையில் ஒரு பயனருக்கு 16 துணைக் குழுக்கள்வரைதான் அனுப்ப முடியும். நிறையக் குழுக்களில் இருப்பவருக்கு மட்டும் சில ஃபோல்டர் திறக்கும், சில திறக்காது, பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. சர்வரில் ‘மேனேஜ்-ஜிஐடிஸ்’ தேர்வை இயக்கினால் குழுக்களை சர்வரே தேடிக்கொள்ளும்.

அறிகுறி: மேக்கில் சூடோ போட்டும் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களில் இப்படி வந்தால் 2019-இன் மேக்ஓஎஸ் கேட்டலினா முதல் இருக்கும் தனியுரிமைக் காவல் அது. அது பயனரைப் பார்ப்பதில்லை, எந்த ஆப் கேட்கிறது என்று பார்க்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ போய், டெர்மினலுக்கு அந்த ஃபோல்டர்களையோ ‘ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்’ஸையோ கொடுத்து, டெர்மினலை முழுதாக மூடித் திறங்கள். கையால் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானில் ஓடவில்லை என்றால் கிரானுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சிஸ்டம் ஃபோல்டர்களில் வந்தால் அது 2015-இன் எல் கேப்பிட்டனில் வந்த, சிஸ்டம் கோப்புகளைக் காக்கும் எஸ்ஐபி, விட்டுவிடுங்கள். ஒற்றைக் கோப்பில் மட்டும் என்றால் ‘எல்எஸ் -எல்ஓ’ (பெரிய ஓ) போட்டு மாற்றத்தடைக் கொடி இருக்கிறதா என்று பாருங்கள், ‘சிஎச்ஃபிளாக்ஸ் நோயூசிஎச்ஜி’ எடுத்துவிடும்.

அறிகுறி: ஏற்கனவே எல்லாவற்றுக்கும் 777 போட்டாயிற்று

ஹோமில் போட்டிருந்தால் முதல் விளைவு, எஸ்எஸ்எச் சாவி வழியாக வர முடியாமல் கடவுச்சொல் கேட்கும். ஹோம் ஃபோல்டரில் பிறர் எழுத முடிந்தால் சர்வர் சாவிப் பட்டியலை நம்பாது. ஹோமுக்கு 750, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிகளுக்கு 600. மற்றவற்றுக்கு மொத்தமாக 755 போடாதீர்கள், எல்லாக் கோப்பும் இயக்கக்கூடியதாக ஆகிவிடும். ‘சிஎச்மோட் -ஆர்’ (பெரிய ஆர்) கட்டளையில் எழுத்து முறையில் பெரிய எக்ஸ் கொடுத்தால் ஃபோல்டர்களுக்கும் ஏற்கனவே எக்ஸ் உள்ள கோப்புகளுக்கும் மட்டும் கிடைக்கும். ஆனால் 777-க்குப் பிறகு எல்லாக் கோப்பிலும் எக்ஸ் இருக்கிறது, எனவே முதலில் ‘ஃபைண்ட்’ கட்டளையால் கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755 என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டு, இயங்க வேண்டிய ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் எக்ஸ்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

மூல ஃபோல்டரிலிருந்தே போட்டுவிட்டீர்கள் என்றால் வேறு கதை. எண் வடிவ 777 கோப்புகளின் செட்யூஐடி பிட்டையும் (புரோகிராமை அதன் உரிமையாளர் பெயரில் ஓடவைக்கும் குறி) துடைத்துவிடும், சூடோ முதலில் உடையும். ஃபெடோரா, ரெட் ஹாட் போன்ற ஆர்பிஎம் வகையில் பாக்கேஜ்களின் அனுமதியை மீட்க ஆர்பிஎம்மிலேயே வசதி உண்டு. மற்றபடி ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிடத் தரவை நகல் எடுத்துவிட்டுச் சிஸ்டத்தை மறுபடி நிறுவுவதே நேரம் மிச்சம்.

இனி பெரிய ஃபோல்டர் ஒன்றில் கை வைக்கும் முன், லினக்ஸில் ‘கெட்எஃப்ஏசிஎல் -ஆர்’ வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள், ‘செட்எஃப்ஏசிஎல்’ கட்டளையின் ‘--ரெஸ்டோர்’ தேர்வு அதை அப்படியே திரும்பப் போடும். விண்டோஸில் ‘ஐசிஏசிஎல்எஸ்’ஸின் ‘/சேவ்’, ‘/ரெஸ்டோர்’ அதே வேலையைச் செய்யும். மீட்கும்போது சேமித்த ஃபோல்டரை அல்ல, அதற்கு மேல் உள்ள ஃபோல்டரின் பாதையைக் கொடுக்க வேண்டும்.